கறிவேப்பிலைத் தூதர்கள்

கண்ணுகளா, போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள் இரண்டு பேரும் எனக்கு ஒரு யோசனை சொன்னீர்கள். "அப்பா, கடைக்கு ஒரு கம்யூனிட்டி பில்ட் பண்ணலாம். கஸ்டமர்ஸே நமக்காகப் பேசுவாங்க" என்றாள் பெரியவள். "பிராண்ட் அட்வகேட்ஸ்" என்று சின்னவன் எடுத்துக்கொடுத்தான். நான் ரசத்தைக் குடித்துவிட்டு, "அச்சா, பாக்கலாம்" என்று கை கழுவ எழுந்துவிட்டேன். உங்கள் அம்மா தட்டைப் பார்த்துச் சிரித்தாள். அவள் ஏன் சிரித்தாள் என்று நீங்கள் கேட்டிருந்தால் நான் இத்தனை பக்கம் எழுத வேண்டி வந்திருக்காது.

உங்களுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பரவாயில்லை, மெதுவாகப் படியுங்கள். புரியாத இடம் வந்தால் அம்மாவிடம் போகாதீர்கள், அவள் தன் பங்குக்குச் சேர்த்துச் சொல்வாள். என்னிடமே கேளுங்கள். நான் பத்தாவது வரை படித்தவன். தொழில் பற்றிப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் சொன்ன அந்தக் கம்யூனிட்டி நம் கடையில் ஏற்கெனவே ஒருமுறை கட்டப்பட்டது. நன்றாகவே கட்டப்பட்டது. குறை சொல்ல முடியாது. கடைதான் விழப் பார்த்தது.

நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். கடை டெல்லியில் இதே முனிர்கா சந்தில்தான் இருந்தது, மாடியில் நம் வீடு. மேலே ஒயர்கள், கீழே ஒரு ஸ்கூட்டர் நுழைந்தால் நடக்கிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். புதனும் சனியும் ஊர்ச் சரக்கு ரயிலில் வரும். விடியும் முன்பே போய் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் மூட்டைகளை எடுத்து ஆட்டோவில் போட்டுக்கொண்டு வருவேன். சின்ன வெங்காயம், முருங்கைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு, வாழை இலை, ஈரச் சாக்கில் சுற்றிய கறிவேப்பிலை. இரண்டு இரவு ரயிலில் கிடந்து வந்த காய்க்கு ஆயுசு கொஞ்சம். வந்த அன்றே பாதி போக வேண்டும். மறுநாள் முகம் வாடிவிடும். அதற்கும் மறுநாள் நம் வீட்டில் வாழைப்பூப் பொரியல், வாழைப்பூ வடை, வாழைப்பூக் குழம்பு. "அப்பா, ஃபிர் ஸே? மறுபடியுமா?" என்று சின்னவன் தட்டைத் தள்ளிவிடுவான்.

போனில் தட்டினால் பத்து நிமிடத்தில் காய்கறி வாசலுக்கு வரும் காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. சந்து முழுக்க அவர்கள் வண்டிதான். எனக்கு இதைத் தவிர வேறு தொழில் தெரியாது. கடை படுத்தால், சரக்கு வந்த அதே ரயிலில் நாம் நான்கு பேரும் ஏறி ஊருக்குப் போக வேண்டியதுதான். உங்கள் பள்ளிக்கூடமும் அதோடு போயிருக்கும். அந்தப் பயத்தில் இருந்தபோதுதான் அந்தத் தம்பி வந்தார்.

மதுரைப் பக்கத்துப் பிள்ளை. எதிர் சந்தில் அறை எடுத்துத் தங்கி, குர்கானில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் கடையில் நின்று பேசுவார்.

"உங்க வேலைதான் என்ன தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க கம்பெனி சோப்பு விக்குதுண்ணே. அந்த சோப்ப வாங்குறவங்கள ஒருத்தரோட ஒருத்தர் பேச வைக்கணும். அதான் என் வேலை."

"சோப்பு வாங்குனவங்க என்னத்தப்பா பேசிக்குவாங்க? நான் குளிச்சிட்டேன், நீ குளிச்சியான்னா?"

"சிரிக்காதீங்கண்ணே. பேசுறாங்க. பேசப் பேச, அது அவங்க சோப்புங்குற நெனப்பு வந்துரும். அப்புறம் அவங்களே நாலு பேருகிட்ட சொல்லுவாங்க. விளம்பரமே வேணாம்."

மாதச் சம்பளம் கொடுத்து ஒரு கம்பெனி இதைச் செய்யச் சொல்கிறது என்றால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் என் போனில் ஒரு வாட்ஸாப் குரூப் தொடங்கிக் கொடுத்தார். பெயர் 'நம்ம கடைக் குடும்பம்'. போனைக் காட்டினால் குரூப்பில் சேர்த்துவிடும், கட்டம் கட்டமாகப் புள்ளி போட்ட ஒரு சீட்டை அச்சடித்து வந்து, காய்கறிப் பைக்கு ஒன்று போடச் சொன்னார். போட்டேன். சீட்டுகள் வீடுகளுக்குப் போயின. ஆட்கள் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களில் முக்கியமானவர் லோதி ரோட்டு அம்மா. கணவர் அரசாங்கத்தில் பெரிய அதிகாரி, அரசாங்கக் குடியிருப்பில் வீடு, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். முதல் வாரமே வாழை இலை விரித்த படம் ஒன்றைப் போட்டு, 'டெல்லியில் இப்படி ஓர் இலை கிடைக்க நாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்' என்று எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். எனக்கே கண் கலங்கியது. இலையைப் பற்றி அப்படி யாரும் அதற்கு முன் சொன்னதில்லை.

தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இவங்கதாண்ணே நம்ம பிராண்ட் அம்பாசடர். தூதர். இவங்கள மாதிரி இன்னும் கொஞ்சப் பேரு வேணும்."

தூதர் என்றால் எனக்குத் தெரிந்தது சாணக்யபுரியில் காரில் கொடி கட்டிக்கொண்டு போகிறவர்தான். நம் கடைக்கும் தூதர் என்றதும் எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது உண்மை.

"புதுசா மூணு பேரச் சேத்து விடுறவங்கள தூதர் ஆக்கிருவோம். அவங்களுக்கு ஏதாச்சும் மரியாதை செய்யணும். காசா குடுக்கக் கூடாது, அது அசிங்கம். நமக்குச் செலவில்லாம, அவங்களுக்குப் பெருசாத் தெரியணும்." சொல்லிக்கொண்டே கடையைச் சுற்றிப் பார்த்தார். கறிவேப்பிலைக் கூடையில் பார்வை நின்றது. "இது என்ன விலைண்ணே?"

"விலையா? அது கொசுறு தம்பி. சும்மா போடுறது."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இவ்ளோ பெரிய அஸெட்ட வச்சுக்கிட்டு ஊருக்கெல்லாம் சும்மா குடுத்துக்கிட்டு இருக்கீங்களேண்ணே!"

கொசுறு உங்களுக்குத் தெரியும். எடை போட்டு முடித்து, பையின் வாயைக் கட்டும் முன் மேலே போடும் ஒரு கொத்து. ஹிந்திக்காரக் கடைகளில் கொத்தமல்லியும் இரண்டு பச்சை மிளகாயும் விழும். நம்மிடம் கறிவேப்பிலை. கை தானாகப் போகும். எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. எத்தனையோ வருடமாகப் போட்ட எனக்கு அது அஸெட் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த புதன்கிழமையிலிருந்து கறிவேப்பிலை தூதர்களுக்கு மட்டும். மற்றவர்கள் வேண்டுமானால் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். 'தூதர்களுக்கு மட்டும்' என்று அழகான அட்டை ஒன்றை அடித்து வந்து தம்பியே ஆணியில் மாட்டினார். கூடையை என் இருக்கைக்குப் பின்னால் நகர்த்தி வைத்தேன்.

உங்கள் அம்மா மேலே துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்து அட்டையைப் படித்தாள். "கொசுறுக்குத் தகுதி வேணுமா? நல்லாருக்குங்க. அடுத்து, கடை வாசல்ல நிக்கிறதுக்குப் பரிச்சை வைங்க."

"உனக்கு பிசினஸ் தெரியாது" என்றேன்.

"ஆமா. இதுவரைக்கும் கடை தானா ஓடிச்சு" என்று உள்ளே போய்விட்டாள்.

இப்போது ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சிக்காரர், நம் ஊர்ப் பக்கத்து ஆள். குடிசைப் பகுதியான ஜுக்கியில் குடியிருந்தார். அரசாங்கக் குடியிருப்புகளில் நாலைந்து வீடுகளில் சமையல். லோதி ரோட்டு அம்மா வீடும் அதில் ஒன்று. காலையில் பஸ்ஸுக்குப் போகும் வழியில் நம் கடைக்கு வருவார். வீட்டுக்கு ஒரு பையாக நீட்டுவார். எல்லாம் முடிந்த பின் கடைசியாக ஒரு சின்ன மஞ்சள் பை வரும், அது அவருடையது. அவருடைய ஜுக்கியிலிருந்து வேலைக்குப் போகும் மற்றப் பெண்களும் கூடவே வருவார்கள். எல்லாருக்கும் பட்டன் போன்தான். ஆகவே குடும்பத்தில் அவர்கள் இல்லை. குரூப்பைச் சொல்கிறேன்.

அந்தப் புதன்கிழமை அக்கா லோதி ரோட்டுப் பையை நீட்டினார். நான் எழுந்து, பின்னால் இருந்த கூடையிலிருந்து இரண்டு கை நிறையக் கறிவேப்பிலை எடுத்து மேலே வைத்தேன்.

"என்னா தம்பி, இன்னிக்கு மரத்தையே வெட்டிப் போடுற?"

"அந்த அம்மா தூதர்க்கா. மரியாதை."

"போடு, போடு. நாந்தான சொமக்கணும்."

மற்றப் பைகளும் முடிந்தன. கடைசியில் மஞ்சள் பை வந்தது. கொஞ்சம் முருங்கைக்காய், கொஞ்சம் வெங்காயம். பையைப் பிடித்தபடியே நின்றார். நான் கல்லாவைப் பார்த்தேன்.

"கொசுறு?"

"அது இப்ப குரூப்புல இருக்குறவங்களுக்குக்கா. அதுலயும் தூதருக்கு மட்டும். நீங்களும் சேரலாம், மூணு பேர புதுசா கூட்டியாந்தா..."

அக்காவுக்குப் பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "யக்கா, உன்ன ஆள் புடிச்சினு வரச் சொல்லுது!" என்றாள் ஒருத்தி. அவர்கள் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அக்கா சிரிக்கவில்லை. ஆணியில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் அதை நல்ல மரியாதையோடு பார்த்தார். பிறகு லோதி ரோட்டுப் பையிலிருந்த அந்தப் பெரிய கறிவேப்பிலைக் கொத்து கீழே விழாமல் உள்ளே தள்ளி, பையின் வாயை முடிந்தார்.

"அச்சா. எவ்ளோ ஆச்சு பையா?"

பையா. ஹிந்தியில் அண்ணன் என்று அர்த்தம், டெல்லியில் யாரும் யாரையும் கூப்பிடுகிற சொல்தான். பஸ் கண்டக்டர் பையா, பால்காரர் பையா, வழியில் நிற்கிற போலீஸ்காரரும் பையா. அந்தச் சந்துக்கு வந்த நாளிலிருந்து அக்கா என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தார். கணக்கைச் சொன்னேன். கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை அவர் வரவில்லை. அவருக்குப் பின்னால் நிற்கும் பெண்களும் வரவில்லை.

ஆனால் குரூப் பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. முருங்கைக்காய்ச் சாம்பாருக்குத் தேங்காய் அரைத்து விடலாமா கூடாதா என்று திருநெல்வேலியும் தஞ்சாவூரும் சண்டை போட்டார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறி, மறுநாள் திரும்ப வந்தார். ஒருவர் பழைய ஏர்கூலரை விற்றார். இன்னொருவர் தன் தங்கைக்கு மாப்பிள்ளை தேடினார். லோதி ரோட்டு அம்மா புதிதாக ஆட்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். அதில் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். எல்லாரும் முருங்கைக்காயைப் பற்றிப் பேசினார்கள். முருங்கைக்காய் என்னிடம் கிடந்தது.

'இன்று புதுச் சரக்கு வந்திருக்கிறது' என்று போட்டேன். கும்பிடும் கைகள் வந்தன. பூங்கொத்து வந்தது. 'உங்கள் சேவை தொடரட்டும்' என்று சிங்கப்பூர்க்காரர் எழுதினார். கடைக்கு யாரும் வரவில்லை. நம் வீட்டில் வாழைப்பூ வடை தொடர்ந்தது. அடுத்த முறை மூட்டையைக் குறைத்துச் சொன்னேன். அதுவும் தங்கியது. பார்சல் ஆபீஸ்காரரே, "க்யா ஹுவா மத்ராஸி பாய், துக்கான் பந்த்?" என்று கேட்டார், கடையை மூடிவிட்டாயா என்று. மேலே, ஊரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த டிரங்குப் பெட்டியை அம்மா துடைத்து வெயிலில் வைத்திருந்தாள்.

பொறுக்க மாட்டாமல் லோதி ரோட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, நம்ம கடைப் பக்கமே காணோமே?"

"நான் எங்கப்பா உன் கடைக்கு வந்தேன்? எனக்கு முனிர்கா எந்தப் பக்கம்னே தெரியாது. காய் வாங்கிட்டு வான்னு சமைக்கிற அம்மாகிட்ட காசு குடுப்பேன். அவங்க இப்ப வேற எங்கேயோ வாங்குறாங்க போல. அதுவும் நல்லாத்தான் இருக்கு."

"சரிங்கம்மா."

"ஆனா குரூப்ல நான் உன்னைத்தான் சொல்றேன். அத விட மாட்டேன். கவலப்படாத, என்ன?"

போனை வைத்தேன். வீடுகள்தான் அக்காவை நம் கடைக்கு அனுப்புகின்றன என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அக்காதான் வீடுகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார், பை பையாக. குரூப்பில் சேரச் சொன்ன சீட்டுகளையும் அவர்தான் வீடு வீடாகச் சுமந்து போயிருக்கிறார். கூட வந்த பெண்களைக் கூட்டி வந்ததும் அவர்தான். ஆள் பிடித்து வரச் சொல்கிறது என்று அன்றைக்கு அவர்கள் சிரித்ததன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'நம்ம கடைக் குடும்ப'த்தில் வாடிக்கையாளரைத் தவிர எல்லாரும் இருந்தார்கள்.

தம்பியிடம் சொன்னேன். "அது ஆஃப்லைன் டிராஃபிக்குண்ணே, அத நாம மெஷர் பண்ண முடியாது" என்றார். சீக்கிரமே அவருக்குப் பெரிய வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனார். நம் கடை எப்படி வளர்ந்தது என்று கம்பெனியில் படம் போட்டுக் காட்டியதில் எல்லாரும் கை தட்டினார்களாம். என்னைக் கட்டிப்பிடித்து, "எல்லாம் உங்களாலதாண்ணே" என்றார். நல்ல பிள்ளை. இன்றைக்கும் குரூப்பில் அவரிடமிருந்து காலை வணக்கம் வருகிறது.

"போயி அக்காவக் கூப்பிடுங்க" என்றாள் உங்கள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் காலையில் ரிங் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். குளிர்காலம். பனிமூட்டத்தில் பஸ் வருவது ஹாரனில்தான் தெரியும். பெண்கள் ஷாலைப் போர்த்திக்கொண்டு வட்டமாக நின்றிருந்தார்கள். யார் வீட்டில் மாமியார் வந்திருக்கிறார், எந்தக் கடையில் அவரைக்காய் பிஞ்சாக இருக்கிறது, எவன் தராசில் கை வைக்கிறான் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தம்பி சொன்ன கம்யூனிட்டி இங்கே தினமும் காலையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றிருக்கிறது. இதற்கு யாரும் பெயர் வைக்காததால் எனக்குத் தெரியவில்லை.

"யக்கா, தூதர் கடைக்காரரு வந்துகீறாரு" என்றாள் ஒருத்தி.

அக்கா திரும்பினார். கையில் பைகள். ஒன்றிலிருந்து கொத்தமல்லி எட்டிப் பார்த்தது.

"என்னா பையா, நீயும் சமையல் வேலக்கிக் கெளம்பிட்டியா?"

"கோவமாக்கா?"

"எனக்கென்ன கோவம்? அங்க ஒரு ஹிந்திக்காரன் இருக்கான். கேக்காமலே கொத்தமல்லி போடறான், மொளகா போடறான். மூணு பேர கூட்டினு வான்னு சொல்ல மாட்டேன்றான்."

"கருவேப்பில?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அதான் அவன்கிட்ட இல்ல. பார்க்குல ஒரு மரம் இருக்குது. தோட்டக்கார மாலி பாக்காதப்ப பறிச்சிக்கிறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ் இன்னும் வரவில்லை.

"உன் குரூப்புல அப்படி என்னாதான் பேசிக்கிறாங்க? படி, கேப்போம்."

போனை எடுத்தேன். மேலாக இருந்தது லோதி ரோட்டு அம்மா முந்தின நாள் போட்ட படம். வாசித்தேன்: "'இன்று எங்கள் வீட்டு வத்தக்குழம்பு. என் கைப்பக்குவம்.'"

"காட்டு" என்று அக்கா போனைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். "எம்மாடி! இது நான் வச்ச கொழம்பு!"

போன் கைக்குக் கை மாறியது. "ஆமா யக்கா, உன் கரண்டிகூட தெரியுது" என்றாள் ஒருத்தி. "கீழ எல்லாரும் கும்புடறாங்களே, யார கும்புடறாங்க?" என்றாள் இன்னொருத்தி. அக்கா ஷால் நுனியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அதற்குள் பனிக்குள்ளிருந்து பஸ் வந்துவிட்டது. பெண்கள் முண்டியடித்து ஏறி, பெண்களுக்குத் தரும் இளஞ்சிவப்பு இலவச டிக்கெட்டுக்குக் கை நீட்டினார்கள்.

"சனிக்கிழம சரக்கு வருதுக்கா" என்று கத்தினேன்.

"பாக்கலாம் பையா."

சனிக்கிழமை மூட்டையைப் பிரித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அவர்கள் வராவிட்டால் அடுத்த வாரத்துக்குச் சரக்குச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். சந்து முனையில் பேச்சுச் சத்தம் முதலில் வந்தது. பிறகு அக்கா. அவருக்குப் பின்னால் மற்றவர்கள். வாழைப்பூவை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்கள், முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தார்கள், விலையில் சண்டை போட்டார்கள். பைகள் ஒவ்வொன்றாக நீண்டன. கடைசியில் மஞ்சள் பை. நான் எழுந்து கூடைக்குப் போய் இரண்டு கையாலும் அள்ளி அதன் மேல் வைத்தேன்.

அக்கா அதைப் பார்த்தார். பாதியை எடுத்துத் திரும்ப என் தராசுத் தட்டில் போட்டார்.

"இவ்ளோ எதுக்கு தம்பி? காஞ்சி பூடும்."

போய்விட்டார்கள். பொழுது உச்சிக்கு வந்ததும் சந்து ஓய்ந்தது. நீங்கள் பள்ளியில் இருந்தீர்கள், அம்மா மேலே டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளும் சத்தம் கேட்டது. போனில் லோதி ரோட்டு அம்மா, 'இந்த வாரத் தூதர் யார்?' என்று கேட்டிருந்தார். போனைத் தராசுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். ஆணியிலிருந்த அட்டையைக் கழற்றினேன். நல்ல கனமான அட்டை, வீணாக்க மனம் வரவில்லை. எழுத்துப் பக்கம் கீழே போகும்படி மடித்துக் கூடையின் அடியில் விரித்து, அதன் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, கறிவேப்பிலையை உதறி அடுக்கினேன். பிறகு கூடையை என் இருக்கைக்குப் பின்னாலிருந்து இழுத்து வந்து, சந்தில் நிற்கிறவர்கள் கைக்கு எட்டும்படி கடை வாசலில் வைத்தேன்.